வெறும் நாற்காலிக்கு நுழைவுச்சீட்டு

ஜனவரி 6

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் சுகம். என் முதுகுவலியும் சுகம், தன் வேலையைக் குறையில்லாமல் பார்த்து வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது என்று, அப்பா இறந்த வருஷம் நாம் கடிதத்துக்கு மாறியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒருவர் ரிப்பேருக்கு ஃபேனைக் கொண்டுவந்தார், கூடவே செய்தித்தாளையும் நீட்டினார். "உங்க தங்கச்சிதானே?" என்றார். நம் ஊர்க் கலைக்கூடம் உன் படைப்பை விலைக்கு வாங்கியிருக்கிறதாம். படத்தைப் பார்த்தேன். ஒரு காலி அறை, ஒரு நாற்காலி, அதில் ஒரு காவலாளி. யார் உள்ளே வந்தாலும் அவர் "வந்துட்டியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் படைப்பாம்!

வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள். நீ முழம் போட்டதோடு நிற்காமல் அதை விற்றும் விட்டாய். நாற்காலியாவது உன்னுடையதா என்று விசாரித்தேன், அதுவும் கலைக்கூடத்து நாற்காலியாம். நான் ஒரு ஃபேன் விற்க வேண்டுமென்றால் காயில் சுற்ற வேண்டும், பேரிங் மாட்ட வேண்டும், இறக்கை ஆடாமல் சமன் பார்க்க வேண்டும். நீ அப்பாவின் ஒரு வார்த்தையை எடுத்துக் காற்றில் விட்டுக் காசாக்கிவிட்டாய். கெட்டிக்காரி.

கடை நடக்கிறது. உன் கையெழுத்து ஒன்று தேவைப்படும், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீ எப்போது வருவாய் என்று அண்ணி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

நலம். உன் முதுகைத் தவிர மற்ற எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அதற்கு மட்டும் தைலம் அனுப்பியிருக்கிறேன், அண்ணியிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல். நீயே தேய்த்தால் எட்டாது, எட்டவில்லை என்று என்னைத் திட்டுவாய்.

காற்றை விற்கிறேன் என்று யார் சொல்வது? ஃபேன் கடைக்காரர்! முப்பது வருஷமாக நீ விற்பது என்னவாம்?

அவர்கள் வாங்கியது நாற்காலியை அல்ல, ஒரு நிபந்தனையை. அந்த அறைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும், அவருக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு மனிதர் கேட்க வேண்டும். சின்ன வயதில் பள்ளிவிட்டு நான் கடைக்குள் நுழையும்போது அப்பா அப்படித்தான் கேட்பார். பரீட்சையில் கோட்டை விட்டு வந்த நாளிலும் அதேதான், ஒரு சுருதி மாறாது. அந்த ஒரு வார்த்தையில்தான் என் பள்ளிக்கூடக் காலம் ஓடியது. அது வெறும் காற்று என்றால் நான் காற்றில் வளர்ந்தவள்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தொட முடியாததற்கெல்லாம் விலை கிடையாது என்று உன் தராசு சொன்னால், தராசைத்தான் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

என் அறையில் நம் கடை ஃபேன்தான் இன்னும் ஓடுகிறது. நடுமூடியில் அப்பாவின் பெயர் தேயவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் கரகரவென்று ஒரு சத்தம்.

அது என்ன கையெழுத்து?

அண்ணிக்கு என் அன்பு.

உன்,
வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உனக்கு ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? அப்பா "வந்துட்டியா?" என்று கேட்டது உன்னை அல்ல. என்னையும் அல்ல. ஃபேனை!

நான்தானே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விற்ற ஃபேன் ரிப்பேருக்குத் திரும்பி வந்தால், கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் கையில் இருக்கிற ஃபேனைப் பார்த்து, பிள்ளையிடம் கேட்பது போல, "வந்துட்டியா?" என்பார். ரசீது கேட்க மாட்டார், எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் கேட்க மாட்டார். நடுமூடியில் நம் பெயர் இருந்தால் எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். நீ நாலு மணிக்கு வருவாய், ஜனங்களும் ஃபேனைத் தூக்கிக்கொண்டு அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். பின்னாலேயே நுழைந்த நீ, உன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டாய். கலைக்கூடத்துக்காரர்களிடம் சொல்லிவிடாதே, காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

கையெழுத்து விஷயம் இதுதான். ஒரு பெரிய கம்பெனி நம் கடையை வாங்கக் கேட்கிறது. ஆடிட்டர் வந்து எல்லாவற்றையும் மதிப்புப் போட்டார். காயில் சுற்றும் மிஷின், லேத்து, சாமான்கள் எல்லாம் சேர்ந்து பழைய இரும்பு விலைதான் போகுமாம். மீதிப் பணம் முழுக்க ஒரே வரியில் இருக்கிறது, 'நற்பெயர்' என்று. கடைப் பெயரை அப்பா நம் இருவர் பேரிலும் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனாரில்லையா, அதனால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் போட்டு அனுப்பு.

எப்போது வருகிறாய்?

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் கொஞ்ச நாள் சரியில்லை. ஃபேன்! நான்கு நாள் அழுதேன். ஐந்தாம் நாள் சிரித்தேன், வகுப்பில் என் மாணவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

அப்பா ஃபேனைத்தான் கேட்டார் என்றே வைத்துக்கொள். அதனால் என்ன? ஓடி ஓடிப் பழுதாகித் திரும்பி வந்ததைப் பார்த்து, "ஏன் கெட்டுப்போனாய்?" என்று கேட்காமல் "வந்துட்டியா?" என்று கேட்ட மனுஷர் அவர். பரீட்சையில் தோற்ற பிள்ளையும் அந்த ஃபேனும் ஒரே ஜாதி. நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். தப்பாக வளரவில்லை.

இப்போது என் முறை. மிஷினுக்கு இரும்பு விலை, பெயருக்குப் பெரிய விலை என்று உன் ஆடிட்டர் எழுதினாரே, அந்த வரியை நீ எத்தனை முறை படித்தாய்? அந்தப் பெயரைக் கையில் எடுத்துக் காட்டு பார்ப்போம். பேரிங் மாட்ட முடியுமா அதற்கு? உன் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்தது, என் காலி அறையில் இருக்கிற அதே சரக்குத்தான் அண்ணா.

ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு யாராவது இருபது வருஷத்துப் பழைய ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கம்பெனி என்ன செய்யும்? அதற்குப் பதில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன். தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். உன் பென்சில் புள்ளிகளையும் அழித்துவிட்டேன்.

வாலு


மார்ச் 14

தங்கைக்கு,

எல்லாரும் சுகம்.

உன் கேள்விக்குப் பதில். ஒரு வருஷம் வாரண்டி, ரசீது கட்டாயம், அதற்குமேல் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்று உலகமே அப்படித்தான் நடக்கிறது.

நீ அப்பாவின் காரியத்துக்கு வந்து மூன்றாம் நாள் விமானம் ஏறியவள். நாலு வருஷமாக அந்த மேசையில் குனிந்து உட்கார்ந்திருப்பவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய ஃபேனைத்தான் கொண்டுவருகிறார்கள், புதுசு வாங்க ஆளில்லை. அப்பாவின் வாக்கை நான் என் முதுகெலும்பால் தாங்கிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குத் தத்துவம் எழுதுவது சுலபம்.

யோசித்து எழுது.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, "வெளிய போயிருக்காரும்மா" என்கிறார். கடையை விட்டு நகராத நீ எங்கே போகிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

நீ எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. உன் முதுகெலும்பு பற்றியது உட்பட. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே எனக்கும் ஒரு தலைவலி. கலைக்கூடத்து இயக்குநர் அம்மா எழுதியிருக்கிறார். காவலாளி பெரியவர்களையும் ஒருமையில் கூப்பிடக் கூச்சப்படுகிறாராம். வாயைத் திறந்தால் "வந்துட்டீங்களா" என்றுதான் வருகிறதாம். அதோடு அவர் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். வேறு ஆள் போடப் பணமில்லை. அதனால் ஒரு ஸ்பீக்கரை மாட்டி, கதவு திறந்தால் குரல் கேட்கிற மாதிரி செய்துவிடலாம், "பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், கவலை வேண்டாம்" என்கிறார்.

ஆள் இல்லாவிட்டால் படைப்பும் இல்லை, பலகையைக் கழற்றிவிட்டு, நிபந்தனை எழுதிக் கொடுத்த என் தாளைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டேன். பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத இடத்தை நான் எங்கேயும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கலைக்கூடத்திலும் சரி, கடையிலும் சரி.

சண்டை போடவாவது எழுது.

வாலு


ஜூன் 3

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதறேன். நான் சௌக்கியம். நீ நல்லா இருக்கியா? எனக்கு உங்க ரெண்டு பேரு மாதிரி புத்தகத் தமிழ் வராது, பேசற மாதிரியே எழுதறேன். இது உங்க அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்.

அவர் எங்க போறாருன்னு கேட்டியே. உன் அறைக்குத்தான் போறார். ஒவ்வொரு புதன்கிழமையும், காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டு! முதல் தடவை, "இதுல என்ன பித்தலாட்டம்னு பாத்துட்டு வரேன்"னு கிளம்பினார். வந்தவர் சாப்பிடல. "அந்த ஆளு முகத்தைப் பாத்துச் சொல்றான், அப்பா அப்படியா சொல்வாரு"ன்னு ஒரே புலம்பல்.

அடுத்த வாரம் ஒரு பழைய டேபிள் ஃபேனைத் தூக்கிட்டுப் போனார். பை செக் பண்றவன் விடமாட்டேன்னானாம், சண்டை போட்டு உள்ள போயிருக்கார். அந்தக் காவலாளிகிட்ட, "அண்ணே, ஆளைப் பாக்காதீங்க, அவங்க கையில இருக்கறதைப் பாருங்க, அதுகிட்ட கேளுங்க, அப்ப மரியாதைக் குறைவே கிடையாது"ன்னு சொல்லிக் குடுத்திருக்கார். அந்த மனுஷனுக்கு அன்னிக்கே கூச்சம் போச்சாம். இப்ப குடையைப் பாத்துக் கேக்கறார், ஊன்றுகோலைப் பாத்துக் கேக்கறார். ஒரு அம்மா வெறும் மருந்துச் சீட்டோட வந்து நின்னாங்களாம், அதைப் பாத்துக் கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டாங்களாம்.

கம்பெனித் தாளெல்லாம் அலமாரில கிடக்கு. தொடல. எனக்கும் பணம் வந்தா நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மனுஷன் தூங்கணுமே.

உடம்பைப் பாத்துக்கோ. நான் எழுதினேன்னு காட்டிக்காதே.

உன் அண்ணி


ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். முதலாவது, கலைக்கூடத்துக்கு நான் அனுப்பிய திருத்தத்தின் நகல். 'வருகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் பார்த்துக் கேட்க வேண்டும்' என்று சேர்த்திருக்கிறேன். நீ எழுதிய ஃபேன் கதையிலிருந்து எனக்கே தோன்றியது.

இரண்டாவது, உன் கம்பெனிக்காரருக்கு. ஒரே ஒரு நிபந்தனைதான். 'இந்தப் பெயர் போட்ட ஃபேன் எப்போது திரும்பி வந்தாலும், ரசீது கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.' இதை ஒப்பந்தத்தில் சேர்த்தால் நான் உடனே கையெழுத்துப் போடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு நீ கடையை மூடிவிட்டு முதுகை நீட்டிப் படு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நிபந்தனை எழுதுவதுதானே என் தொழில். முதல் தடவையாக நம் கடைக்கு என் தொழிலால் ஒரு உபகாரம்.

உன்,
வாலு


ஜூலை 21

அன்புள்ள வாலுக்கு,

சுகம். 'எனக்கே தோன்றியது' என்று எழுதியிருக்கிறாய். நல்லது, தோன்றட்டும். அண்ணி ஒரு வாரமாக என் முகத்தை நேராகப் பார்க்காமல் சமைக்கிறாள்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். பத்தாவது மாடி, ஏசி, நீள மேசை. ஒரு ஃபேன் கிடையாது. கம்பெனிக்காரர் உன் தாளைப் படித்துவிட்டு வக்கீலிடம் தள்ளினார். வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது எமோஷனல். இதெல்லாம் எழுத்துல வராது," என்றார்.

"எங்க அப்பாவும் எழுத்துல குடுக்கலீங்க. வாயாலதான் சொன்னார். அதுக்குத்தானே நீங்க இவ்வளவு விலை போட்டிருக்கீங்க?"

"நாங்க வாங்கறது பேரை சார். வாக்குறுதியை இல்ல."

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "பேரு வேற, வாக்கு வேறயா? அப்ப உங்க பேரையே போட்டு விக்க வேண்டியதுதானே? ஏன் போடல? உங்களை யாரும் நம்ப மாட்டாங்க, எங்க அப்பாவை நம்புவாங்க. அந்த நம்பிக்கையை வாங்கி, ஒரே வருஷத்துல தின்னு தீர்த்துட்டு, ஓட்டைத் தூக்கிப் போடுவீங்க!"

"உணர்ச்சிவசப்படாதீங்க. மிஷின் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும், ஞாபகம் இருக்கட்டும்."

"இரும்பை இரும்பு விலைக்கு விக்கறேன். மத்ததை விக்கல," என்று எழுந்து வந்துவிட்டேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் தெரிந்தது, அவ்வளவும் நீ சொன்னது. என் வாயில் உட்கார்ந்து நீ பேசியிருக்கிறாய். இதை அடுத்த சண்டையில் எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

முதுகு இனித் தாங்காது என்று கடையை மூடிவிட்டேன். மிஷின்களை நம்மிடம் வேலை பார்த்த இருவரும் எடுத்துக்கொண்டார்கள், பின் தெருவில் தனியாகத் தொழில் செய்யப் போகிறார்கள். முன்பக்கத்தை மருந்துக் கடைக்கு வாடகைக்கு விட்டாயிற்று, வீட்டுச் செலவு ஓடும். பெயர்ப்பலகையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். 'இத்தனை பெரிய விலையுள்ள சாமானை வழியில வச்சிருக்கீங்க, இடிச்சுக்கறேன்' என்று அண்ணி தினமும் திட்டுகிறாள். திட்டும்போது சிரிக்கிறாள்.

வேலையில்லாத மனுஷன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்பதுதான் இப்போது தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எப்போது வருவாய் என்று நான்தான் கேட்கிறேன். அண்ணி அல்ல.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், தலைகால் புரியாமல் ஆடுவாய்.

இந்த மாதக் கடைசியோடு காவலாளி ஓய்வு பெறுகிறார். அறையை மூடுவதா, யாரையாவது உட்கார வைப்பதா என்று இயக்குநர் அம்மா கேட்கிறார். சம்பளம் கிடையாது, ஒரு நாற்காலியும் இரண்டு வேளை டீயும் தருவார்களாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. செய்தியைத்தான் எழுதினேன்.

முதுகுக்கு ஒரு தலையணை அனுப்பியிருக்கிறேன். எந்த நாற்காலிக்கும் பொருந்தும்.

வாலு


அக்டோபர் 5

அன்புள்ள வாலுக்கு,

சுகம். முதுகும் நிஜமாகவே சுகம். தலையணை பொருந்துகிறது.

நீ கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை. ஒரு மாதமாக உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். கடை மூடியதும் ஜனங்கள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? "அவர் கலைக்கூடத்துல உக்காந்திருக்கார்" என்று மருந்துக் கடைக்காரர் அனுப்பிவிடுகிறார். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஃபேனோடு உள்ளே வருகிறார்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கால்மாட்டில் வைத்து மூடியைக் கழற்றுகிறேன். சின்ன வேலை அங்கேயே, பெரிய வேலை பின் தெருவுக்கு.

போன வாரம் இயக்குநர் அம்மா விறுவிறுவென்று வந்தார். அறையில் ஆறு ஃபேன், தரையில் ஸ்க்ரூ, சுவர் ஓரம் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

"என்ன சார் இது? இது கலைக்கூடம், ரிப்பேர் கடை இல்ல!"

நான் தலை நிமிரவில்லை. அவர் கையில் இருந்த கோப்பைப் பார்த்து, "வந்துட்டியா?" என்றேன். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் குனிந்து ஒரு ஃபேனை நகர்த்தப் போனார். சுவரில் அவர்களே மாட்டி வைத்திருக்கிற பலகையைக் காட்டினேன்.

"தொடாதீங்கம்மா. கலைப்படைப்பு."

அவர் ஃபேனை விட்டுவிட்டு வந்த வழியே போனார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு ஃபேனைக் கொண்டுவந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான்! அது நம் கடை ஃபேன்கூட இல்லை. எடுத்துக்கொண்டேன்.

இதற்கு என்ன விலை என்று ஆடிட்டர் வந்து கேட்டார், அவரும் வரிசையில்தான் நின்றார். தெரியாது என்றேன். தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னேன்.

நாலு வருஷமாக நீ பதில் எழுதாத கேள்வியை இனிமேல் நான் கேட்கப் போவதில்லை. அறை புதன் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும். வந்தால் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வா. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கிடையாது. இங்கே இருப்பது விலையுள்ள பொருள்.

அண்ணன்


அக்டோபர் 23

அன்புள்ள அண்ணா,

நலம். மற்றதை நேரில் விசாரித்துக்கொள்கிறேன்.

என் ஃபேனில் அந்தச் சத்தம் அதிகமாகிவிட்டது. இங்கே ரிப்பேர் செய்ய ஆளில்லை, ரசீதும் இல்லை. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த புதன்கிழமை வருகிறேன். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. உன் அறைக்கும் ஒன்று, முழு விலை கொடுத்து, முன்கூட்டியே எடுத்துவிட்டேன்.

நான் நுழையும்போது நிமிர்ந்து பார்க்காதே. ஃபேனையே கேள். இந்தத் தடவை யாரைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

உன்,
வாலு